ஒற்றை வரிப் பட்டியல்

மனித குலத்தை முன்னே தள்ளியது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. இன்னும் கண்ணில் படாத ஒன்றின் பெயரைத் துணிந்து ஒரு தாளில் எழுதி வைத்த கைதான். கண்டங்கள் கிடைத்ததும் அப்படித்தான், கோள்கள் கிடைத்ததும் அப்படித்தான்.

ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டாவது சனிக்கிழமை மதியம் இதைச் சொல்பவர் டாக்டர் ரோலண்ட் பெனிமன். சொல்லும் இடம் லூத்தரன் தேவாலயத்தின் நிலவறை. கண்டங்கள் வரை வந்ததும் பக்கத்து அறையில், கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் உறுமத் தொடங்கும்; கோள்களை அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். கேட்பவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஏழு பேர் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரத்துக்காக வந்தவர்கள். டாக்டர் என்றால் பல் டாக்டர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. பல் பிடுங்குவதை விட்ட நாளிலிருந்து அவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பழைய நிலக்கரிச் சுரங்க மேடுகளில் கல் பொறுக்குகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறார்.

அந்த மேடுகளில் துரு நிறத்தில் உருண்டைக் கற்கள் கிடக்கும். உள்ளே முப்பது கோடி வருடத்துக்கு முந்தைய இலையோ இறாலோ பூச்சியோ கல்லாகிப் படுத்திருக்கலாம். பெரும்பாலும் எதுவும் படுத்திருக்காது. சுத்தியலால் அடித்தால் உருண்டை கண்ட இடத்தில் உடையும். அதனால் யாரும் அடிப்பதில்லை. ஐஸ்கிரீம் வாளியில் தண்ணீர் ஊற்றி, உருண்டைகளைப் போட்டு, ஃப்ரீசரில் வைப்பார்கள். உறைந்ததும் வெளியே எடுத்து உருக விடுவார்கள். மறுபடி உறைய வைப்பார்கள். இப்படி முப்பது தடவையோ எண்பது தடவையோ ஆன பிறகு ஒரு நாள் உருண்டை தானாக வாய் பிளக்கும். அந்த வட்டாரத்தில் ஐஸ் கட்டி கேட்டு யாரும் இவர்கள் வீட்டுக்குப் போவதில்லை.

ஜனவரிக் கூட்டத்தில்தான் கனவுப் பட்டியல் வாசிப்பு. ஒவ்வொருவரும் எழுந்து, வாழ்நாளில் எதைக் கண்டெடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்களோ அதை வாசிக்க வேண்டும். ஐந்து வரிக்கு மேல் கூடாது. வாசித்தது சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். கண்டெடுத்துவிட்டால் தலைவர் சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடிப்பார். கண்டெடுத்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, சுவரில் மாட்டியிருக்கும் ஓக் பலகையில் ஆணி வைத்து அறைவார்கள். பலகையில் நாற்பது தகடுகளுக்கு இடம் உண்டு. இதுவரை பதினொன்று இருக்கின்றன.

டாக்டர் ரோலண்டின் பட்டியலில் முதல் வரி, அறிவியல் இதுவரை அறியாத, இனிமேல் தன் பெயரால் அறியப்போகிற ஓர் உயிரினம். அதை லத்தீனில் வாசிப்பார். ஒன்பது வருடமாக வாசிக்கிறார்.

ஆனால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுவது நார்பெர்ட் வாசெக்குக்குத்தான். மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது. அவர் பட்டியலில் முப்பத்தொரு வருடமாக ஒரே ஒரு வரி: டல்லி. நீண்ட தும்பிக்கை, அதன் நுனியில் இடுக்கி மாதிரி ஒரு வாய், முதுகின் குறுக்கே ஒரு கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் கண்கள் என்று கடவுள் மிச்சம் மீதியை வைத்து ஒட்டியது போன்ற, எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் பிராணி. மாநிலத்தின் அரசுச் சின்னங்களில் ஒன்று. கிடைத்தவர்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். நார்பெர்ட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அந்த ஒற்றை வரியில் ஒரு துறவியின் வைராக்கியம் இருப்பதாக டாக்டர் ரோலண்ட் ஒருமுறை பேசினார். உண்மை என்னவென்றால், சங்கத்தில் சேர்ந்த முதல் வருடம் நார்பெர்ட்டுக்கு அந்த ஒரு பெயர்தான் தெரியும். அடுத்த வருடம் இன்னும் நாலு பெயர் தெரிந்திருந்தது. ஆனால் அதற்குள் வைராக்கியம் என்று பெயர் வாங்கியாகிவிட்டது.

போதாததற்கு, அவர் கற்களைத் தெரிவு செய்வதில் நிபுணர் வேறு. மார்ச் மாதம் மேடுகளைத் திறந்துவிடுவதற்கு முன்னால், எந்த உருண்டையை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பார். சுருட்டு மாதிரி நீளமாக இருந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, தூக்கிப் போடு என்பது அவருடைய முதல் பாடம். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க முடியாத குரலில் அதைச் சொல்வார்.

அவர் மனைவி ஆர்லீனும் சங்கத்தில் உறுப்பினர். கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். போன அக்டோபர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலைவலிக்கிறது என்றாள். வியாழக்கிழமை இறந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து ஊர்க்காரர்கள், துக்க வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கப்படி, கேசரோல் என்ற அவனில் வேகவைத்த சாப்பாட்டைக் கொண்டுவந்து தந்தார்கள். கோழி கேசரோல், சூரை மீன் கேசரோல், இன்னதென்று பிடிபடாத ஒரு கேசரோல். காரேஜில் இருந்த பெரிய ஃப்ரீசரில் அவற்றுக்கு இடமில்லை. பதினான்கு வாளிகள் உள்ளே இருந்தன. நார்பெர்ட் வாளிகளின் மூடிமேல் கேசரோல்களை அடுக்கினார். அன்றிலிருந்து காலையில் எழுந்து சில வாளிகளை வெளியே எடுத்து வைப்பார், சில வாளிகளை உள்ளே வைப்பார், ஒரு கேசரோலைச் சூடு பண்ணிச் சாப்பிடுவார். அந்த வீட்டில் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வேலை அது ஒன்றுதான். எதையும் எதிர்பார்த்து அவர் அதைச் செய்யவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு காலை, சமையலறைத் தொட்டியில் உருகிக்கொண்டிருந்த வாளிக்குள் கையை விட்டபோது ஓர் உருண்டை இரண்டாகப் பிரிந்து வந்தது. நீளமான உருண்டை. ஒரு பாதியைத் திருப்பிப் பார்த்தார். தும்பிக்கை இருந்தது. இடுக்கி இருந்தது. குறுக்குக் கம்பி இருந்தது, இரண்டு முனையிலும் கருப்பாக இரண்டு புள்ளிகள் இருந்தன. வால் துடுப்புகூட ஒடியாமல் இருந்தது. மற்ற பாதியிலும் அதே, கண்ணாடியில் பார்த்த மாதிரி.

டல்லி.

அவர் காத்திருந்தார். முப்பத்தொரு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஏதோ ஒன்று உள்ளிருந்து கிளம்பி வரும் என்று நின்றார். மைக்ரோவேவ் மணியடித்தது. கேசரோல் சூடாகிவிட்டது. சாப்பிட்டார். தட்டைக் கழுவினார். அதன் பிறகும் ஒன்றும் வரவில்லை. கல்லின் இரண்டு பாதிகளையும் துண்டின் மேல் வைத்துவிட்டு, காலி வாளியை எடுத்து வைக்கப் போனார். அப்போதுதான் அதன் கைப்பிடியைப் பார்த்தார். சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது.

பதினான்கில் பதினொரு வாளி அவருடையது, மூன்று ஆர்லீனுடையது. கலந்துவிடாமல் இருக்க அவள் தன் வாளிகளில் நூல் கட்டி வைப்பாள். பக்கவாட்டில் ஒட்டிய காகித நாடாவில் அவள் கையெழுத்தில், செப்டம்பர் 14, வடக்குச் சரிவு என்று இருந்தது. அவள் சாவதற்கு ஆறு வாரம் முந்தின தேதி.

அப்படியானால் இது அவளுடையது. பொறுக்கியவர் யாரோ அவருக்கே சொந்தம் என்பது அந்த மேடுகளில் திருடன்கூட மதிக்கிற விதி. பலகையில் ஏற வேண்டியது அவள் பெயர். இந்த எண்ணம் வந்ததும் நார்பெர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது, ஆசை என்றும் சொல்ல முடியாது. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பத்து வாரத்தில் அவருக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது அதுவே முதல் தடவை.

டாக்டர் ரோலண்டுக்குப் போன் பண்ணினார். அவர் இருபது நிமிடத்தில், நெற்றியில் மாட்டும் பழைய பல் விளக்கோடு வந்து இறங்கினார். கல்லைப் பார்த்தார், நார்பெர்ட்டைக் கட்டிப் பிடித்தார், வைராக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். வாளி ஆர்லீனுடையது என்று நார்பெர்ட் சொன்னதும் விளக்கை அணைத்தார்.

ஏழாம் விதி இருக்கிறதே என்றார். இறந்த உறுப்பினரின் பட்டியல் அன்றோடு மூடப்படும். டாக்டரே கொண்டுவந்த விதி அது. முன்னொரு வருடம் ஒரு விதவை, காலமான கணவரின் மேஜை இழுப்பறைகளைக் காலி செய்து, ஒரே மதியத்தில் நாலு தகடு கேட்டு வந்து நின்றதிலிருந்து அந்த விதி இருக்கிறது.

"இத பாரு நார்ப்," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. வீட்டில் வேறு யாரும் இல்லை. "அந்த நூல அவுத்துடு. பதினாலும் ஒரே மாதிரி வாளிதான். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்னப்பா, நீ என்ன போய்ச் சொல்லவா போற? முப்பத்தொரு வருஷம் நின்னிருக்க. பலகைல ஏறு. ஆர்லீன் இருந்தா அவளே தள்ளி விட்டிருப்பா."

யோசிக்கிறேன் என்று நார்பெர்ட் அவரை அனுப்பி வைத்தார். யோசிக்கவில்லை. நூலை அவிழ்க்கவும் இல்லை.

சனிக்கிழமை நிலவறையில் கண்டங்களும் கோள்களும் முடிந்ததும் டாக்டர் மேஜைமேல் இருந்த நீல வெல்வெட் துணியை நீக்கினார். அடியில் நார்பெர்ட் காலையில் கொடுத்திருந்த டல்லி, இரண்டு பாதிகளும். நம் நார்பெர்ட் என்றார், முப்பத்தொரு வருடம் என்றார், மேற்கொண்டு சொல்ல விடாமல் பாய்லர் உறுமியது. அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். வெண்டெல் என்ற பழைய தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் யாருக்கு ஒரு கல் இலை கிடைத்தாலும் துடைத்துக்கொள்பவர். நார்பெர்ட் கைதட்டல் முடியும்வரை நின்றார். பிறகு, பஸ் வர நேரமாகும் என்று சொல்கிற குரலில், இது ஆர்லீனுடையது என்றார். வாளியை மேஜைமேல் வைத்தார்.

செர்ரி பை தின்றுகொண்டிருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். அதன்பின் சங்கம் சட்டசபையானது. மூடிய பட்டியலில் எப்படி அடிப்பது என்றார்கள் சிலர். செப்டம்பரில் பொறுக்கியது, அப்போது அவள் உயிரோடுதானே இருந்தாள், பட்டியல் திறந்துதானே இருந்தது என்றார் வெண்டெல், இன்னும் துடைத்தபடியே. டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கண்டெடுப்பது என்றால் பொறுக்குவது அல்ல, திறப்பது, கல் திறந்தது ஜனவரியில், திறந்தவர் நார்பெர்ட் என்றார்.

"திறந்தது ஃப்ரீசர், டாக்டர்," என்றாள் டோலோரஸ் பிட்லிக். சங்கத்தின் நோட்டுப் புத்தகம் அவள் பொறுப்பு. ஆர்லீனோடு இருபது வருடம் மேடு ஏறியவள். "அப்ப ஃப்ரீசர் பேரத்தான் தகட்டுல அடிக்கணும். மாடல் நம்பரோட."

சிரிப்பு அடங்கியதும் அவள் நார்பெர்ட்டைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசித்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"நார்பெர்ட், உனக்கு ஒரு விஷயம் தெரியாது. ஆர்லீன் எங்கேர்ந்து பொறுக்குவான்னு நீ எப்பவாவது பாத்திருக்கியா?"

அவளும் சரிவில்தான் பொறுக்குவாள், எனக்குப் பின்னால் எங்கேயாவது என்றார் நார்பெர்ட்.

"பின்னாலதான். உனக்கு நேர் பின்னால. நீ எடுத்துப் பாத்துட்டு வேணாம்னு தூக்கிப் போடுவ இல்ல, அதத்தான் எடுப்பா. வேற ஒண்ணும் தொட மாட்டா. கேட்டா, எனக்கு எதுக்குடி முதுகு வலி, அவரு குனிஞ்சு எடுத்தத நான் நின்னுகிட்டே எடுத்துக்கறேன்னு சொல்வா. அந்தச் சரிவு அப்படி. நீ போட்டா அவ முழங்காலுக்குத்தான் உருண்டு வரும்."

நார்பெர்ட்டுக்கு அந்த உருண்டை நினைவுக்கு வரவில்லை. வருவதற்கு நியாயமும் இல்லை. ஒரு மதியத்தில் இருநூறு கல் எறிவார். நீளமாக, சுருட்டு மாதிரி. முதல் பாடம்.

டாக்டர் ரோலண்ட் முகத்தில் விளக்கு எரிந்தது. மூன்றாம் விதி என்றார். உருண்டையை முதலில் எந்தக் கை தரையிலிருந்து எடுத்ததோ அந்தக் கைக்கே உரிமை; அதற்கப்புறம் அது எத்தனை கை மாறினாலும் சரி. இரண்டு அண்ணன் தம்பிகள் கல்லான ஒரு குதிரைலாட நண்டுக்காக அடித்துக்கொண்ட வருடம் போட்ட விதி. ஆக, சட்டப்படி, ஐயத்துக்கே இடமில்லாமல், கண்டெடுத்தவர் நார்பெர்ட் வாசெக். ஏழாம் விதிக்கும் பங்கமில்லை, யார் மனமும் நோகவில்லை. அவர் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார். ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி, நார்பெர்ட் ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

வெண்டெல்கூடத் தலையாட்டினார். எல்லோரும் அவர் பலகையில் ஏற வேண்டும் என்று நினைத்தார்கள். அவர்மேல் பிரியம் ஒரு பக்கம். செர்ரி பை ஆறிக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம்.

நார்பெர்ட் மேஜைக்கு வந்தார். டல்லியின் ஒரு பாதியைக் கையில் எடுத்தார், எடை பார்ப்பது போல.

"நான் இத கண்டுபிடிக்கல," என்றார். "எடுத்தேன். பாத்தேன். உள்ள ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணித் தூக்கிப் போட்டேன். தூக்கிப் போட்டதுக்குப் பேரு கண்டுபிடிக்கறதுன்னா, டாக்டர், நான் இந்த மேடு பூராவும் கண்டுபிடிச்சிருக்கேன்." கல்லைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். "நீளமா இருந்தா உள்ள இருக்காதுன்னு நான் சொல்வேன்ல. அது எனக்கு யாரும் சொல்லல. நானாத்தான் ஒரு நாள் சொன்னேன். எல்லாரும் எழுதிக்கிட்டீங்க. அதோட விட்டுட்டேன்."

பதினெட்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள்: அவர் பேச்சைக் கேட்டு இத்தனை வருடத்தில் தாங்கள் எறிந்த நீளக் கற்களை மனதில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் முகத்தைப் பார்த்தால் பெரிய குவியலாகத் தெரிந்தது.

"எடுத்து வெச்சுக்கிட்டவ அவ," என்றார் நார்பெர்ட். "அவ பேரப் போடுங்க."

டாக்டர் கடைசியாக ஒரு தடை சொன்னார். பட்டியலில் இல்லாததை அடிக்க முடியாது. ஆர்லீன் ஒரு வருடம்கூட டல்லி கேட்டு எழுதியதில்லை. அது அவருக்கே நினைவிருக்கிறது. டோலோரஸ் நோட்டைப் புரட்டி, போன ஜனவரியில் ஆர்லீன் வாசித்ததை அப்படியே வாசித்தாள். ஒன்று, ஓட்டை இல்லாத ஒரு பெரணி இலை. இரண்டு, கார் சேறாகாத ஒரு சனிக்கிழமை. மூன்று, ஃப்ரீசரில் ஒரு வான்கோழிக்கு இடம். நான்கு, யாருக்கும் பெயர் தெரியாத ஏதாவது ஒன்று, டாக்டருக்கும் சேர்த்து. ஐந்தாவது வரிக்கு முன்னால் டோலோரஸ் டம்ளரை எடுத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தாள்.

"'நார்பெர்ட் தேடுறது எதுவோ, அது. அவருக்கு முன்னாடி எனக்குக் கிடைச்சா ரொம்ப நல்லது.'"

போன வருடம் இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நார்பெர்ட்டும் சிரித்தார். இந்தத் தடவை பாய்லர் மட்டும் உறுமியது. செப்டம்பர் 14 அன்று பட்டியல் திறந்திருந்தது. எடுத்து வைத்த கை அவளுடையது. வரி இதோ இருக்கிறது. கையைத் தூக்குங்கள் என்றாள் டோலோரஸ். பதினேழு கைகள் எழுந்தன. ஒரு கையில் செர்ரி பை இருந்தது. டாக்டர் தானும் தூக்கிவிட்டு, ஐந்தாவது வரியைச் சிவப்பால் அடித்தார். அடிக்கும்போது நிமிர்ந்து, கிடைத்த இடத்தை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும், அறிவியல் அரைகுறையை மன்னிக்காது என்றார். மன்னிக்காதுதான்.

பித்தளைத் தகடு பிப்ரவரியில் வந்தது. ஆர்லீன் வாசெக். டல்லி, இரு பாதி. வடக்குச் சரிவு, நா. வாசெக் கழித்த கற்கள். டாக்டர் ஆணி அறைந்தார். நார்பெர்ட் அதைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது தேவாலய வாசலில், நெஞ்சில் ஏதாவது அசைந்ததா என்று டோலோரஸ் கேட்டிருந்தாள். அப்படிச் சொல்ல முடியாது என்றார். பல்லிடுக்கில் இருந்தது போய்விட்டது, அந்த இடத்தை நாக்கு மட்டும் தேடிக்கொண்டிருந்தது. வீட்டில் வாளிகளை மாற்றி வைத்துவிட்டு, கடைசிக் கேசரோலைச் சூடு பண்ணினார். இன்னதென்று பிடிபடாத அது. சாப்பிட்ட பிறகும் பிடிபடவில்லை.

அந்த வருடம் அவர் வகுப்பு எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை.

மார்ச் முதல் தேதி மேடுகள் திறந்தன. நார்பெர்ட் வடக்குச் சரிவில் ஏறினார். பழக்கம் விடவில்லை, எடுப்பார், பார்ப்பார், தோளுக்குப் பின்னால் எறிவார். அரை மணி கழித்து முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து திரும்பினார். அவருக்குப் பின்னால் சங்கத்தின் பதினான்கு உறுப்பினர்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் டாக்டர் ரோலண்ட்.